எட்டடிக்குக் கீழே

அப்பாவை இன்னும் புதைக்கவில்லை.
தண்டர் பே மண் பிப்ரவரியில் இரும்பு.
மே மாதம் பார்க்கலாம் என்றார் கல்லறைக்காரர்.
அதுவரை செங்கல் அறையில்
குளிர்காலத்தில் செத்த மற்றவர்களோடு காத்திருப்பார்.
வரிசையில் நிற்க அவருக்கு ஆகாது.
வங்கியில் நிறுத்தினால்
சுவரோரக் குழாயில் காது வைத்துவிட்டு
"உள்ளே ஒழுகுது" என்று மேனேஜரைத் தேடிப் போவார்.

தௌனோ நிஸ்கனென், குழாய் வேலை.
வேனில் எழுதியிருந்தது அவ்வளவுதான்.
கீழே இருந்த எண்
எங்கள் சமையலறைச் சுவரில் தொங்கிய போனுக்குரியது.
ஸ்டூல் போட்டு ஏறி எடுப்பது என் வேலை.
ஏழு வயதிலேயே தெரியும் எனக்கு
எந்த வீட்டுக் கழிவறை கல்யாண மோதிரத்தை விழுங்கியது,
அது தவறி விழுந்ததா இல்லையா என்பதுவரை.
ஊர்வாயை மூட மூடி கிடையாது.
ஊர்க்குழாயை மூட அவர் இருந்தார்.

மெழுகுத்துணி அட்டை போட்ட நோட்டு ஒன்று.
பாதி ஃபின்னிஷ், பாதி இங்கிலீஷ், மீதி கிரீஸ்.
"ரின்ச்சுக் அம்மாள்: வால்வு மாவுப் பீப்பாய்க்குப் பின்னால்.
நாய் குரைக்கும். கடிப்பது பூனை."
"போர்ட்டொலின்: காசு கேட்காதே. ஒயின் தருவார். குடிக்காதே."
"மார்கெத்தாவுக்கு முதல் பல் விழுந்தது.
அரை அங்குல எல்போ இரண்டு வாங்க."
"ஹில்க்கா மூன்று நாளாகப் பேசவில்லை. காரணம் பார்க்க."
அடுத்த பக்கத்தில்:
"பார்த்தாச்சு. நம் வீட்டு சிங்க்."

நல்லவர் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.
மரை பிடிக்காத நட்டு ஒன்றிடம்
அவர் பேசியதை அவர்கள் கேட்டதில்லை.
பிறந்தநாள்கள் மறந்துபோகும்.
என் கல்யாண விருந்தில் பாதி நேரம் ஆளைக் காணோம்.
மண்டபத்துப் பெண்கள் கழிவறையிலிருந்து வந்தார்,
ஒரே நல்ல சூட்டின் முட்டி இரண்டும் நனைந்து.
அப்படியே என்னோடு ஆடினார். மோசமாக ஆடினார்.
ஆனால் பள்ளி நாட்களில் ஒருநாளும்
குளிர்ந்த பூட்ஸில் நான் கால் விட்டதில்லை.
நால்வர் ஜோடிகளும் விடியுமுன்னே
பாய்லர் மேல் ஏறியிருக்கும்,
நாக்கை வெளியே இழுத்துப் போட்டு.

பிரார்த்தனை முடிந்து வீடு நிறையக் காப்பி.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
போன் அடித்தது.
இளம்பெண் குரல், பின்னால் குழந்தை அழுகை:
"தௌனோ இருக்காரா? தண்ணி வரல."
தம்பி ரெய்யோ வாயைத் திறந்தான், மூடினான்.
அம்மா வந்து ரிசீவரை வாங்கினாள்.
இருக்கார் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை.
"எந்தத் தெரு? ஓ, ப்ரூடோம் வீடா."
நோட்டைப் புரட்டவும் இல்லை.
நாற்பத்தொரு வருஷம்
இந்தப் போனின் ஒருபக்கத்தைக் கேட்டவள்.

"முதல்ல குழாயைத் திற. திறந்தே வை.
ஹேர் ட்ரையர் இருக்கா?
வாய்ப்பக்கமிருந்து ஆரம்பி, நடுவுல சூடு காட்டாதே.
உருகுறதுக்கு வெளியே போக வழி வேணும்."

சாசேஜ் ரொட்டி ஆறியது.
பாதிரியார் கோட்டை மாட்டினார், கழற்றினார்.
அரைமணி இருக்கும்.
ரிசீவருக்குள் யாரோ இருமுவதுபோல,
துப்புவதுபோல,
பிறகு நின்ற இடத்திலிருந்தே எனக்கும் கேட்டது.
"மூடிடாதே," என்றாள் அம்மா.
"கொஞ்ச நேரம் ஓடட்டும்."
அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்த பிறகும்
அம்மா ரிசீவரை வைக்கவில்லை.
சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.
நாங்கள் கோப்பைகளைச் சத்தமாகக் கழுவினோம்.

நேற்று கல்லறைக்காரர் கூப்பிட்டார்,
மே பதினொன்று, ஆறடி, சம்மதமா என்று.
அம்மா அவரிடம் பொறுமையாக விளக்கினாள்:
இந்த ஊரில் ஆறடியில் எதைப் போட்டாலும்
உறைந்து வெடிக்கும்.
எட்டடி தோண்டுங்கள்.